ஆறு கிலோ இரும்பு, ஒரு டன் படகு

ஜெஃப்ரி இங்ரம் டெய்லர் என்ற பெயர் இயற்பியல் படித்தவர்களுக்குப் பழக்கமானது. கொந்தளிக்கும் நீர் எப்படி ஓடுகிறது, உலோகப் படிகங்கள் எப்படி வளைந்து கொடுக்கின்றன என்பதற்கெல்லாம் கேம்பிரிட்ஜில் இருந்துகொண்டு அடிப்படைக் கணக்குகளைப் போட்டுத் தந்தவர். கணித மேதை ஜார்ஜ் பூலின் பேரன். இவ்வளவுக்கும் நடுவில் அவருக்குப் பாய்மரப் படகின்மீது தீராத ஆசை இருந்தது. 1927இல் ‘ஃப்ராலிக்’ என்ற தன் படகில் மனைவியுடன் வட நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள் வரை, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிப் போய் வந்தார். இப்படிக் கடலோரமாகப் பயணம் போகிறவர்களுக்கு மாலையானால் ஒரே கவலைதான்: ஏதாவது ஒரு குடாவுக்குள் புகுந்து நங்கூரம் போட வேண்டும், போட்ட நங்கூரம் விடியும்வரை நகராமல் இருக்க வேண்டும்.

அன்றைக்குப் படகுகளில் இருந்தது நாம் படங்களில் பார்க்கும் அந்த நங்கூரம்தான். நீண்ட தண்டு, அடியில் இருபுறமும் வளைந்த இரண்டு கரங்கள், மேலே குறுக்குத் தண்டு. இந்த வடிவம் மிகப் பழையது. ரோமுக்கு அருகில் நெமி ஏரியை வற்றவைத்து, கலிகுலா காலத்துக் கப்பல்களை வெளிக்கொணர்ந்தபோது கிடைத்த இரும்பு நங்கூரத்திலேயே கழற்றி மாட்டக்கூடிய குறுக்குத் தண்டு இருந்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஓடிய வடிவம் அது. டெய்லர் அதைப் பொறியியல் கண்ணோடு பார்த்தார். இரண்டு கரங்களில் ஒன்றுதான் மண்ணுக்குள் போகிறது. மற்றது மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கத்து இரும்பு பிடிப்பதற்கு எதுவும் செய்வதில்லை. செய்யாதது மட்டுமல்ல, படகு காற்றில் சுற்றும்போது கயிறு அந்தக் கரத்தில் சுற்றிக்கொண்டு நங்கூரத்தையே பிடுங்கிவிடவும் செய்யும்.

அவர் அதற்கு மாற்றாகச் செய்தது கலப்பைக் கொழுவைப் போன்ற ஒரே அலகு. இழுக்க இழுக்க அது மண்ணுக்குள் இறங்கும். தண்டுக்கும் கொழுவுக்கும் நடுவில் ஒரு கீல் வைத்தார். படகு பக்கவாட்டில் ஆடினாலும் தண்டு மட்டும் திரும்பும், கொழு புதைந்த இடத்தில் கிடக்கும். 1933இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ‘சி.க்யூ.ஆர்.’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த நங்கூரம் அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகெங்கும் சிறு படகுகளின் அணியத்தில், அதாவது முன்முனையில், தொங்கியது. நங்கூரம் எப்படித் தாங்குகிறது என்பதைப் பற்றி டெய்லர் தனியாக ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். சிறிய படகுக்கு நங்கூரம் தேடுகிறவர் அந்த நங்கூரத்தை வாங்காவிட்டாலும் பரவாயில்லை. அதற்குப் பின்னால் இருந்த கேள்வியைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு கிலோ இரும்பு எத்தனை கிலோ இழுவையைத் தாங்குகிறது? நங்கூரத்தைப் பற்றிய மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகின்றன.

கனமான எதையாவது கட்டிப் போட்டால் படகு நிற்கும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவையை ஊற்றி, கம்பி வளையம் ஒன்றைச் செருகி நங்கூரமாக வைத்திருப்பார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரையில் 20 கிலோ இருக்கும் கான்கிரீட் கட்டி தண்ணீருக்குள் இறங்கியதும் ஏறக்குறைய 12 கிலோவாகிவிடும். தண்ணீர் அதை மேலே தூக்குகிறது. கடல்தரையில் அது உரசி நிற்கும் விசை அந்த 12 கிலோவில் பாதி என்று வைத்துக்கொண்டால், தாங்கும் சக்தி வெறும் 6 கிலோ. தூக்கி எடுக்கும்போது முதுகு ஒடிகிற ஒரு கட்டி, ஒரு சிறுவன் கையால் இழுத்தாலே நகர்ந்துவிடும். இரும்புக்கு இந்த இழப்பு குறைவு, எட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் தரைமேல் சும்மா கிடக்கிற இரும்பும் தன் எடைக்கு மேல் தாங்காது.

எவ்வளவு தாங்க வேண்டியிருக்கிறது? அமெரிக்காவில் சிறு படகுகளுக்கான தரநிலைகளை வகுக்கும் ‘அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில்’ ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அதன்படி 20 அடி, அதாவது 6 மீட்டர் நீளமுள்ள படகு 15 நாட் காற்றில் தன் நங்கூரத்தை 40 கிலோ விசையுடன் இழுக்கும். 15 நாட் என்பது மணிக்கு 28 கிலோமீட்டர். நம் கடற்கரையில் பிற்பகலில் சாதாரணமாக வீசக்கூடிய காற்று. அதே படகை 30 நாட் காற்று 160 கிலோ விசையுடன் இழுக்கும். 42 நாட் ஆனால் 325 கிலோவுக்கு மேல். காற்று இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இப்படி. அமைதியான மாலையில் பிடித்து நின்ற நங்கூரத்தை நம்பி இரவைக் கழிக்க முடியாமல் போவது இதனால்தான். மாலையில் அது தாங்கியது தாங்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லாமல் இருக்கலாம்.

நல்ல வடிவமைப்புள்ள 6 கிலோ நங்கூரம் ஒன்று சரியாகப் புதைந்தால் இந்த 160 கிலோவைத் தாங்கும், அதற்கு மேலும் தாங்கும். அது தாங்குவது தன் எடையால் அல்ல. அலகுக்கு முன்னாலும் மேலேயும் இருக்கும் மண் முழுவதையும் அசைத்தால்தான் நங்கூரம் நகர முடியும் என்ற நிலையை அது உண்டாக்கிவிடுகிறது. உண்மையில் படகைத் தாங்குவது கடல்தரை. அலகின் பரப்பு, அது இறங்கிய ஆழம், மண்ணின் வலிமை ஆகிய மூன்றும் சேர்ந்து தாங்கும் சக்தியைத் தீர்மானிக்கின்றன. எடைக்கு இதில் உள்ள பங்கு, முதல் சில நொடிகளில் முனையை மண்ணுக்குள் அழுத்துவதும், அலகு வளையாத அளவுக்கு உலோகம் தருவதும்தான்.

மண்ணின் வலிமை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். மணலும் சேறும் தாங்கும் விதம் ஒன்றல்ல. நங்கூரம் வாங்குகிறவர் அறிய வேண்டிய அறிவியல் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மணலுக்கு ஒட்டும் குணம் கிடையாது. குருணைகள் ஒன்றையொன்று உரசுவதால்தான் அதற்கு வலு. ஈரமான கடற்கரையில் காலை அழுத்தி வைத்தால் பாதத்தைச் சுற்றி மணல் சட்டென்று உலர்ந்ததுபோல் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நெருக்கமாகச் செறிந்து கிடக்கும் குருணைகள் நகர வேண்டுமானால் ஒன்றின்மேல் ஒன்று ஏறியாக வேண்டும். ஏறும்போது இடைவெளிகள் பெரிதாகின்றன. மேலே நின்ற தண்ணீர் அந்த இடைவெளிக்குள் உறிஞ்சப்படுகிறது. ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1885இல் இதை விளக்கினார். புதைந்த நங்கூரத்தைச் சுற்றியும் இதுவே நடக்கிறது. காற்று ஒரு குத்துக் குத்தி நங்கூரத்தைத் திடீரென்று இழுக்கும்போது, மணல் விரியப் பார்க்கும். இடைவெளிக்குள் தண்ணீர் வந்து சேர நேரமாகும். அதுவரை உள்ளே அழுத்தம் குறைந்து குருணைகள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நெருங்கிய மணல் நங்கூரமிடுவதற்கு இவ்வளவு நல்ல தரையாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

சேற்றில் உரசலுக்கு வேலை குறைவு. நுண்ணிய களிமண் துகள்களின் பிணைப்புதான் அதன் வலு. மேற்பரப்பில் அது கூழாக இருக்கும், கீழே போகப் போகக் கெட்டியாகும். ஆகவே சேற்றில் தாங்குவதற்கு நங்கூரம் ஆழமாகப் போக வேண்டும், அலகும் அகலமாக இருக்க வேண்டும். இன்னொரு குணமும் உண்டு. கலக்கிவிட்ட சேறு தளர்ந்துபோகும். சற்று நேரம் சும்மா விட்டால் மறுபடி இறுகும். நங்கூரத்தைச் சேற்றில் போட்டவுடன் இஞ்சினைப் பின்னோக்கி முடுக்கினால் தளர்ந்த கூழுக்குள் அது வழுக்கிக்கொண்டே வரும். கால் மணி நேரம் பொறுத்து மெதுவாக இழுத்தால் அதே நங்கூரம் பிடிக்கும்.

இந்த வேறுபாடு நங்கூரத்தின் ஒரு அளவில் அப்படியே வந்து நிற்கிறது: தண்டுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள கோணம். மணலுக்கு 30 டிகிரியை ஒட்டிய கோணம் பொருந்தும். அதைவிடச் செங்குத்தாக வைத்தால் கெட்டி மணலுக்குள் முனை நுழையாமல் நங்கூரம் மூக்கில் நின்று கவிழ்ந்துவிடும். மென்மையான சேற்றில் எதிர்ப்பு குறைவு. அங்கே 45 டிகிரி அளவுக்கு விரித்தால்தான் அலகு கீழே பாய்கிறது. 30 டிகிரியில் அது மேலாகவே சறுக்கிக்கொண்டு வரும். பெரும்பாலான நங்கூரங்களில் இந்தக் கோணம் மாற்ற முடியாதது, அதுவும் மணலை மனத்தில் வைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ‘ஃபோர்ட்ரஸ்’ என்ற அலுமினிய நங்கூரத்திலோ 32 டிகிரி, 45 டிகிரி என்று இரண்டு நிலைகளில் மாட்டிக்கொள்ளலாம். 2014இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில், மிக மென்மையான சேற்றில், பல பெயர்பெற்ற நங்கூரங்களை இழுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள எஃகு நங்கூரங்கள் பல, பிடிப்பே இல்லாமல் வந்துகொண்டிருந்தன. அவற்றின் பாதி எடைகொண்ட அலுமினிய நங்கூரம் 45 டிகிரி நிலையில் எல்லாவற்றையும்விட அதிகம் தாங்கியது. சோதனையை நடத்தியது அந்த நங்கூரத்தைச் செய்யும் நிறுவனமே என்பதையும், களத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்களே என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நங்கூரச் சோதனை எதைப் படித்தாலும் முதலில் தரை எது, நடத்தியவர் யார் என்று பாருங்கள். ஆனால் அந்த முடிவு மேலே சொன்ன இயற்பியலோடு ஒத்துப்போகிறது. நான் அதை நம்புகிறேன்.

எனவே கடைக்குப் போகும் முன் உங்கள் தரையைத் தெரிந்துகொள்ளுங்கள். கடல்வரைபடத்தில் ஆழத்தை ஒட்டி மணல், சேறு, பாறை, பவளம் என்பதற்கு எழுத்துக் குறிகள் இருக்கும். அந்தக் காலத்து மாலுமிகள் ஆழம் பார்க்கும் ஈயக் குண்டின் அடியில் ஒரு குழி வைத்து அதில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். அடியில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். இன்றும் ஒரு கயிறு, ஒரு குண்டு, கொஞ்சம் கிரீஸ் இருந்தால் போதும். இதைவிட நல்ல வழி, அந்தக் கரையில் தொழில் செய்யும் மீனவரிடம் கேட்பது. எந்த இடத்தில் எத்தனை பாகம் ஆழம், எங்கே சேறு, எங்கே பார் என்னும் பாறைத் தரை என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

இனி வடிவங்கள். நம் கரையோர ஃபைபர் படகுகளில் இரும்புக் கம்பிகளை வளைத்து வெல்டிங் வைத்த பல கரங்கள் உள்ள நங்கூரத்தைப் பார்க்கலாம். பாருக்கு அது மிகப் பொருத்தமானது. பாறையில் எதுவும் புதையாது, இடுக்கில் கொக்கி மாட்டுவதுதான் நடக்கும். சிக்கிக்கொண்டால் இஞ்சின் வலுவால் இழுக்கும்போது கம்பி நிமிர்ந்து விடுபட்டுவிடும். கரையில் மறுபடி வளைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே நங்கூரம் மணலில் கிட்டத்தட்ட வெறும் எடைதான். கம்பிக்கு ஏது பரப்பு? கயாக்குகளுக்கும் காற்றடைத்த ரப்பர் படகுகளுக்கும் விற்கப்படும், மடக்கக்கூடிய நான்கு கர நங்கூரமும் இதே ரகம். உணவு இடைவேளைக்குச் சரி. அதை நம்பிக் கரையோர அலைக்கு அருகில் நிற்கக் கூடாது.

காளான் வடிவ நங்கூரமும் சிறு படகுக்காரர்களுக்கு விற்கப்படுகிறது. ஸ்காட்லாந்தின் பெல் ராக் கலங்கரை விளக்கத்தைக் கட்டும்போது, அருகே நிறுத்திவைத்த விளக்குக் கப்பலுக்காக ராபர்ட் ஸ்டீவன்சன் வடிவமைத்தது அது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்து வண்டலுக்குள் அமிழ்ந்தால் அதன் பிடி அபாரமானது. போட்ட உடனே பிடிக்க வேண்டிய பொழுதுபோக்குப் படகுக்கு அது உதவாது. ஏரியில், காற்றில்லாத காலையில், தூண்டில் போடுகிறவர் வைத்துக்கொள்ளலாம்.

மெல்லிய, அகலமான இரட்டை அலகு நங்கூரத்தை அமெரிக்கரான ரிச்சர்ட் டேன்ஃபோர்த் இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். படைகளைக் கரையிறக்கும் கலங்கள் கரையை நெருங்கும்போது பின்பக்கமாக அதைப் போட்டுவிட்டு மணலில் ஏறும். ஆட்களை இறக்கியதும் அந்த நங்கூரத்தைப் பற்றி இழுத்துத் தங்களைப் பின்னோக்கிக் கடலுக்குள் எடுத்துக்கொள்ளும். கிலோவுக்கு இத்தனை தாங்கும் வடிவம் மணலிலும் சேற்றிலும் வேறில்லை. தட்டையாக மடங்கும் என்பதால் சிறு படகில் வைக்கவும் வசதி. ‘ஃபோர்ட்ரஸ்’ இந்தக் குடும்பம்தான். குறைகளும் சின்னவை அல்ல. சிப்பியோ கல்லோ அலகுகளுக்கு நடுவில் சிக்கினால் அலகு விரியாது. ஓட்டம் மாறிப் படகு எதிர்த்திசைக்குத் திரும்பினால், பிடுங்கிக்கொண்ட நங்கூரம் மறுபடி புதையாமலே போகலாம். கடற்புல்லின்மேல் இது சறுக்கும். ஒரே திசையில் காற்று நிற்கும் பகலுக்கு இது முதல்தரம். திசை மாறும் இரவுக்கு நான் இதைத் தனியாக நம்பமாட்டேன்.

1970களில் பிரிட்டனின் பீட்டர் புரூஸ் நக வடிவில், ஒரே வார்ப்பாக ஒன்றைச் செய்தார். வட கடலின் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்காகப் பிறந்த சிந்தனை அது. எப்படி விழுந்தாலும் புரண்டு பிடிக்கும், ஆனால் கிலோவுக்குத் தாங்குவது குறைவு. வாங்கினால் ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். டெய்லரின் கலப்பையையும் பிறகு மாற்றினார்கள். ‘டெல்ட்டா’ என்ற வடிவத்தில் கீலை எடுத்துவிட்டு முனைக்கு எடை கூட்டினார்கள். அது விரைவாகப் புதைந்தது.

கொழுவுக்கு ஓர் இயல்பு உண்டு: அது மண்ணை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். வயலில் அதுதான் வேண்டும். கடல்தரையில் மண் ஒதுங்கிப் போகாமல் அலகிலேயே தேங்கி நிற்க வேண்டும். 1980களிலும் அதற்குப் பின்னும் வந்த வடிவமைப்பாளர்கள் இதைச் சரிசெய்தார்கள். ஜெர்மனியின் ரோல்ஃப் காட்சிரெக் தட்டையான, கூர்மையான அலகின் பின்னால் ஓர் அரைவட்ட வளையம் வைத்தார். நங்கூரம் தலைகீழாக விழுந்தாலும் அந்த வளையம் அதை உருட்டி முனையைத் தரையை நோக்கித் திருப்பிவிடும். பிரான்ஸின் அலென் புவாரோ அலகைக் குழிவாக்கி, முனைக்குள் ஈயம் வைத்த ‘ஸ்பேட்’ நங்கூரத்தைக் கொண்டுவந்தார். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் குழிவான அலகையும் வளையத்தையும் சேர்த்து ‘ராக்னா’ செய்தார். இன்று இந்தக் குடும்பத்தில் பல பெயர்கள் இருக்கின்றன. கப்பல்களைத் தரப்படுத்தும் அமைப்புகள், ஒரே எடையுள்ள சாதாரணக் கப்பல் நங்கூரத்தைவிட இரண்டு மடங்கு தாங்குவதை உயர்பிடி நங்கூரம் என்றும், நான்கு மடங்கு தாங்குவதை மீஉயர்பிடி என்றும் வகைப்படுத்துகின்றன. இந்தப் புதிய வடிவங்களில் சில அந்த நான்கு மடங்கு தகுதியைப் பெற்றவை.

ஆறு மீட்டர் படகுக்கு ஒரே ஒரு நங்கூரம்தான் என்றால், குழிவான அலகுள்ள இந்தக் குடும்பத்தில் ஒன்றை வாங்குங்கள் என்பேன். மணல், களிமண், கலப்புத் தரை எல்லாவற்றிலும் விரைவாகப் பிடிக்கிறது. காற்று திசை மாறினால் பிடுங்கிக்கொள்ளாமல் மண்ணுக்குள்ளேயே திரும்புகிறது, பிடுங்கினாலும் அடுத்த சில அடிகளில் மீண்டும் புதைகிறது. நிறுவனம் தரும் அட்டவணையில் உங்கள் படகின் நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள், எடையையும் பாருங்கள். கூரையும் கேபினும் உயரமாக இருந்தால் காற்றுக்கு அதிகப் பரப்பு கிடைக்கும். அப்போது அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள். உங்கள் இடம் முழுக்கக் கூழ்ச் சேறு என்றால் மட்டும் இந்தத் தீர்ப்பு மாறும்: இரட்டை அலகு அலுமினியமே முதல் நங்கூரம். துருப்பிடிக்காத எஃகில் பளபளக்கும் நங்கூரத்துக்குப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டாம். துத்தநாகப் பூச்சு இட்ட சாதாரண எஃகு மண்ணுக்குள் அதே வேலையைச் செய்யும்.

மிச்சமாகும் அந்தப் பணத்தைக் கயிற்றில் போடுங்கள். சிறந்த நங்கூரமும் மேல்நோக்கி இழுத்தால் வெளியே வந்துவிடும். நாம் அதை எடுப்பதே அப்படித்தான். தாங்க வேண்டுமானால் இழுவை தரையோடு ஒட்டி வர வேண்டும். கயிற்றின் நீளம், ஆழத்தின் மூன்று மடங்கு என்றால் விறைத்த கயிறு தரையோடு 19 டிகிரிக்கு மேல் கோணம் போடுகிறது. ஐந்து மடங்கில் 11.5 டிகிரி. ஏழு மடங்கில் 8 டிகிரி. பத்து மடங்கில் 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மூன்றிலிருந்து ஐந்துக்குப் போவதில் 8 டிகிரி லாபம். ஏழிலிருந்து பத்துக்குப் போவதில் இரண்டரை டிகிரிதான். 30 டிகிரியில் மண்ணைக் கிழிக்க வேண்டிய அலகை, 19 டிகிரி மேலே தூக்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று பாருங்கள். சாதாரண நாளுக்கு ஐந்து மடங்கு, காற்று ஏறினால் ஏழு மடங்கு என்ற வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

இங்கே ஆழம் என்பது தண்ணீரின் ஆழம் மட்டுமல்ல. அணியத்தில் கயிறு இறங்கும் இடம் நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். 4 மீட்டர் தண்ணீரில் நிற்கும் படகுக்குக் கணக்கில் வருவது 5 மீட்டர். ஏழு மடங்கென்றால் 35 மீட்டர் கயிறு. ஓதமும் உண்டு. சென்னைக் கரையில் ஏற்றவற்ற வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும். அங்கே வற்றத்தில் ஏழு மடங்காக விட்ட கயிறு, ஏற்றத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் இருக்கும்.

சங்கிலி நல்லதா கயிறு நல்லதா என்ற வாதம் படகுக்காரர்களிடையே ஓயாதது. சங்கிலி தன் எடையால் தொய்ந்து தரையில் படிந்து கிடப்பதால் இழுவை கிடைமட்டமாக வரும் என்பார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை? 8 மில்லிமீட்டர் சங்கிலி தண்ணீருக்குள் மீட்டருக்கு 1.2 கிலோ. 5 மீட்டர் உயரத்திலிருந்து 25 மீட்டர் சங்கிலி விட்டிருந்தால், இழுவை 72 கிலோவை எட்டும்போது கடைசிக் கண்ணியும் தரையை விட்டு எழும்பிவிடும். 15 நாட் காற்றின் 40 கிலோவுக்குத் தொய்வு உதவுகிறது. 30 நாட் காற்றின் 160 கிலோவுக்கு அது போன இடம் தெரியாது. சங்கிலி ஏறக்குறைய நேர்க்கோடு. உதவி தேவைப்படாதபோது உதவி, தேவைப்படும்போது கைவிடுகிற ஒன்றுக்காக 6 மீட்டர் படகின் மூக்கில் முப்பது நாற்பது கிலோ சங்கிலியை ஏற்றுவது சரியல்ல. மூக்கு தாழ்ந்த படகு அலையை வாங்கும்.

சிறு படகுக்கு நங்கூரத்தை ஒட்டி நான்கைந்து மீட்டர் சங்கிலி போதும். கல்லிலும் சிப்பியிலும் கயிறு அறுபடாமல் காப்பதும், முதலில் புதையும்போது தண்டைத் தாழ்த்தி வைப்பதும் அதன் வேலை. மீதி முழுவதும் நைலான் கயிறு. ஏன் நைலான்? ஒரு டன் எடையுள்ள படகு அலையில் பின்வாங்கி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல் 500 ஜூல். விறைத்த சங்கிலி அதை 5 சென்டிமீட்டரில் நிறுத்தினால் சராசரி விசை 10,000 நியூட்டன், அதாவது ஒரு டன். நைலான் கயிறு 2 மீட்டர் நீண்டு கொடுத்து நிறுத்தினால் 250 நியூட்டன், சுமார் 25 கிலோ. நாற்பது மடங்கு வித்தியாசம்! நங்கூரத்தைப் பிடுங்குவதும், படகில் கயிறு கட்டும் முளையைப் பெயர்ப்பதும் பெரும்பாலும் சீரான காற்றல்ல, இந்த உதறல்தான். மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அது நீள்வதும் குறைவு, நீர்மட்டத்தில் மிதந்து யாருடைய புரொப்பெல்லரிலாவது சுற்றும்.

போடும் முறையிலும் பாதி நங்கூரம் இருக்கிறது. காற்றுக்கு எதிராக மெதுவாகப் போய், படகு நின்றதும் நங்கூரத்தை இறக்குங்கள். வீசி எறிந்தால் சங்கிலி அதன்மேலேயே குவிந்து அலகில் சிக்கும். தரையைத் தொட்டதும் படகு காற்றில் பின்னோக்கி நகர நகரக் கயிறு விடுங்கள். மூன்று மடங்கு போனதும் லேசாகப் பிடித்துப் பார்த்து, பிறகு முழு நீளமும் விட்டு முளையில் கட்டுங்கள். அதன்பின் இஞ்சினைப் பின்னோக்கி, மெதுவாக ஆரம்பித்துக் கூட்டுங்கள். கரையில் ஒரு தென்னை, அதன் பின்னால் ஒரு கோபுரம் என்று ஒரே கோட்டில் வரும் இரண்டு பொருள்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் நங்கூரம் இழுபடுகிறது. கயிற்றின்மேல் கை வைத்தாலும் தெரியும். பிடித்திருந்தால் விறைப்பு மட்டும் ஏறி இறங்கும். இழுபட்டால் அதிர்வு வரும்.

நங்கூரக் கயிற்றை ஒருபோதும் படகின் பின்பக்கம் கட்டாதீர்கள். அவுட்போர்டு இஞ்சின் எடையால் அங்கே ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், தடுப்பும் தாழ்வு. கயிறு பிடித்து நிற்கும் அந்தப் பக்கம் அலைக்கு மேலே எழ முடியாமல் தண்ணீரை வாங்கும். தண்ணீர் ஏற ஏற இன்னும் தாழும். சில நொடிகளில் படகு நிரம்பிக் கவிழ்வது இப்படித்தான். தூண்டில் போட வசதி என்று பின்னால் கட்டியவர்கள் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். படகுகள் அலையைப் பிளப்பதற்கென்று வடிக்கப்பட்ட பகுதி அணியம்தான். நங்கூரம் எங்கே கட்டப்படும் என்பதில் விருப்பத்துக்கு இடமில்லை.

கடற்புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. புல் படுகையில் நங்கூரம் பிடித்தது போலத் தோன்றும்; உண்மையில் வேர்க் கற்றையில் மாட்டியிருக்கும், இழுவை ஏறியதும் கற்றையோடு பெயர்ந்து வரும். படகுக்கும் நல்லதல்ல, கடலுக்கும் நல்லதல்ல. மத்தியதரைக் கடலின் பொசிடோனியா புல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு நங்கூரம் கிழித்த தழும்பு ஆற ஒரு தலைமுறை போதாது. பிரான்ஸ் தன் மத்தியதரைக் கரையில் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்கள் அந்தப் புல்மேல் நங்கூரமிடுவதைத் தடை செய்திருக்கிறது. நம் பாக் விரிகுடாவில் ஆவுளியா, அதாவது கடல் பசு, மேய்வது கடற்புல்லில்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழ்நாடு அரசு 2022இல் அதன் காப்பகமாக அறிவித்தது. மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளுக்கும் நங்கூரம் பெரிய எதிரி. தெளிந்த நீரில் மணல் திட்டு வெளிறித் தெரியும், புல்லும் பாரும் கறுத்துத் தெரியும். வெளிறிய இடத்தில் போடுங்கள். அங்கேதான் நங்கூரமும் நன்றாகப் பிடிக்கும்.

எடுக்கும்போது படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, கயிற்றைக் குட்டையாக முளையில் கட்டிவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அலை ஏறும்போது படகின் மிதப்பு விசையே அதைப் பெயர்த்துத் தரும். கையால் இழுத்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாறை இருக்கும் இடமானால் போடுவதற்கு முன்பே நங்கூரத்தின் அலகுள்ள தலைப்பக்கம் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு மிதவை வைத்து விடுங்கள். சிக்கினால் அந்தப் பக்கமிருந்து இழுத்தால் வந்துவிடும்.

வாங்கி வந்த அன்றே செய்ய வேண்டியவை இரண்டு. நங்கூரத்தைச் சங்கிலியோடு இணைக்கும் ஷேக்கிளின் திருகு ஆணி படகின் ஆட்டத்தில் தானாகக் கழன்றுவிடும், ஆகவே அதன் கண்ணில் கம்பி கோத்து முறுக்கிவிடுங்கள். கயிற்றின் கடைசி நுனி படகில் ஓர் உறுதியான இடத்தில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நங்கூரத்தைச் சாமான்களுக்கு அடியில் புதைத்து வைக்காமல், கயிறு சிக்கலில்லாமல் சுருண்ட நிலையில், ஒரே கையால் எடுத்து இறக்கும்படி அணியத்தில் வையுங்கள். கரைக்கு இருநூறு மீட்டரில், காற்று கரையை நோக்கி வீசும்போது இஞ்சின் நின்றுபோனால், அலை உடையும் இடத்துக்குள் படகு போய்ச் சேர மூன்று நான்கு நிமிடங்கள்தான் ஆகும்.